பழைய மில்லிங் இயந்திரத்தில் சி.என்.சி. கட்டுப்பாடு பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வருகிறது. கன்வேயர் சங்கிலிக்கான பல்சக்கரம், பேரிங் ஹவுசிங், கொட்டை உடைக்கும் ரிப்பிள் மில்லின் சுழல்தட்டு என எதுவானாலும் ஒன்றிரண்டாகத்தான் கேட்பார்கள். ஆனால் நாளைக்கே வேண்டும் என்பார்கள். இந்த வேலைகளை நம்பிப் புதிய சி.என்.சி. இயந்திரம் (கணினியின் எண்கட்டுப்பாட்டில் தானே வெட்டும் இயந்திரம்) வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே கையிலிருக்கும் பழைய இயந்திரத்தையே மாற்றியமைப்பதுதான் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு எட்டும் வழி.

எங்களிடம் உள்ளது பிரிட்ஜ்போர்ட் பாணிச் செங்குத்து மில்லிங் இயந்திரம். 1985-இல் வெள்ளீய விலை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னர், மெங்லெம்புவில் கைமாறிய பட்டறைச் சாமான்களோடு அது என் தந்தையிடம் வந்து சேர்ந்தது. தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்த அவர், அதன் கைப்பிடிகளைச் சுற்றியே இருபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த இயந்திரத்தை மாற்றியமைத்த அனுபவத்தையும், அதற்கு முன் வேறோர் இயந்திரத்தை நான் கெடுத்த அனுபவத்தையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று மோட்டார், அதற்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் டிரைவ், கட்டுப்பாட்டு அட்டை ஆகியவற்றை வாங்கி மேசைமேல் வைத்து ஓடவிட்டுப் பார்த்த மகிழ்ச்சியில், இயந்திரத்தை அளந்து பார்க்காமலேயே அவற்றைப் பொருத்தினேன். கணினித் திரையில் வட்டம் வட்டமாகவே இருந்தது. வெட்டி எடுத்த அலுமினியத் துண்டோ முட்டை வடிவில் இருந்தது. மூன்று மாதம் மென்பொருளில் குற்றம் தேடினேன். குற்றம் பெரும்பாலும் தேய்ந்த தடவழிகளில், அதாவது மேசை வழுக்கி ஓடும் பரப்புகளில் இருந்தது. மின்னணுப் பகுதிதான் இந்த வேலையில் எளியது. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரும்பு ஒழுங்காக இல்லையென்றால் எந்தக் கட்டுப்பாடும் அதைத் திருத்தாது. எனவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

இயந்திரத்தை அளத்தல்

ஒரு ரிங்கிட்டும் செலவழிப்பதற்கு முன்னர், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும், காந்த அடியுடைய ஒரு நல்ல டயல் இண்டிகேட்டரோடு ஒரு முழு நாளை இதற்கென ஒதுக்குங்கள். முதலில் மேசையை நடுவில் நிறுத்தி, கிப் எனப்படும் ஆப்புப் பட்டையை ஆட்டமில்லாதபடி இறுக்கிக்கொண்டு, கைப்பிடியால் மேசையை ஒரு கோடிக்கு ஓட்டிப் பாருங்கள். பழைய இயந்திரங்களில் ஏறக்குறைய எல்லா வேலையும் நடுப்பகுதியிலேயே நடந்திருக்கும். ஆகவே தடவழி அங்கே தேய்ந்து, இரு கோடிகளிலும் புதிதாக இருந்த நிலையிலேயே இருக்கும். நடுவில் சரியாக இறுக்கிய மேசை கோடிக்குப் போகும்போது கை கனக்க ஓடினால், தேய்மானம் இருக்கிறது என்று பொருள். முற்றிலும் சிக்கிக்கொண்டால் தடவழியைச் சுரண்டிச் சமப்படுத்தாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து, இண்டிகேட்டரை, கட்டரைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் தலையில் பொருத்தி, அதன் முனையை மேசைப்பரப்பில் வைத்து, மேசையின் ஒரு கோடியைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.02 அல்லது 0.03 மி.மீ. நகர்ந்தால் கவலையில்லை. 0.1 மி.மீ. நகர்ந்தால் அந்த இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு வாங்குவது வீண் என்பது என் கருத்து. பின்னர் ஸ்பிண்டிலின் உட்கூம்பில் முனையை வைத்துக் கையால் சுற்றுங்கள், 0.01 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஸ்பிண்டில் பேரிங்குகளை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் ஓடும் குழலான குவிலை முழுவதும் இறக்கி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள். கடைசியாக, ஒரு நல்ல மூலைமட்டத்தை மேசைமேல் வைத்து அதன் ஒரு பக்கத்தை எக்ஸ் (இட–வல) ஓட்டத்துக்கு இணையாகச் சரிசெய்து, மறுபக்கத்தின்மேல் இண்டிகேட்டரை வைத்து ஒய் (முன்–பின்) திசையில் ஓட்டினால், இரண்டு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். இந்த அளவுகள் அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். வேலை முடிந்த பின் இதே அளவுகளை மீண்டும் எடுப்போம்.

பழைய இயந்திரத்தில் கைவைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காட்சிப்படுத்தப்பட்ட முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரமே, சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற வழக்கமான இயந்திரத்தை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதுதான்.

பிரித்தலும் துப்புரவும்

பிரிட்ஜ்போர்ட் அளவுள்ள இயந்திரம் முழுமையாக ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. அதன் மேசை மட்டுமே இரண்டு ஆட்கள் தூக்கக்கூடாத எடை. செயின் பிளாக்கைக் கூரைக் கம்பியில் மாட்டுவதற்கு முன்னர் அந்தக் கம்பி எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டறைகளின் கூரைச் சட்டங்கள் துத்தநாகத் தகட்டைச் சுமக்கக் கட்டப்பட்டவையே தவிர மேசையைச் சுமக்க அல்ல. கார் எஞ்சின் தூக்கும் கிரேனை ஒருநாள் வாடகைக்கு எடுப்பது மேல்.

பிரிக்கும் ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் போட்டுப் பெயரெழுதுங்கள். பல்லாண்டு இரும்புத்தூளும் எண்ணெய்க் கசடும் சேர்ந்து கல்லாகியிருக்கும். மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் போதும். மேசைக்கும் அதைத் தாங்கும் சேடிலுக்கும் எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களையும், அவற்றின் முனையிலுள்ள அளவுக் குமிழ்களையும் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். எங்கள் இயந்திரத்தில் ஏழில் ஐந்து அடைத்திருந்தன. ஒய் தடவழி எதனால் தேய்ந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. குமிழ்களைப் புதிதாகப் போட்டு, பம்ப்பில் 68 தரத் தடவழி எண்ணெய் ஊற்றுங்கள். டிராக்டருக்கு வாங்கிய ஹைட்ராலிக் எண்ணெய் மீதமிருக்கிறதே என்று அதை ஊற்ற வேண்டாம். மெதுவாக ஊர்ந்து நின்று நின்று நகரும் மேசையில் ஒட்டிநிற்கும் தன்மை அதற்கு இல்லை.

பால் ஸ்குரூ

மேசையை நகர்த்தும் திருகுத்தண்டான பிரிட்ஜ்போர்ட்டின் பழைய லீட் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 0.2 அங்குலம் நகர்த்தும். வெண்கல நட் தேய்ந்தபின் திசை மாற்றும்போது கைப்பிடி சும்மா சுழலும் இடைவெளியே பேக்லாஷ். அரை மில்லிமீட்டர் வரை பேக்லாஷ் உள்ள இயந்திரத்தில் கைதேர்ந்தவர் நல்ல வேலை செய்துவிடுவார். ஏனெனில் அவர் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து அளவைப் பிடிப்பார், வெட்டும் விசைக்கு எதிராகவே மேசையை ஓட்டுவார். கணினி அப்படிச் செய்யாது. வட்டம் வெட்டும்போது நான்கு இடங்களில் திசை மாறியே தீர வேண்டும். மென்பொருளில் பேக்லாஷ் ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த வசதி இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமே தவிர இடைவெளியை அடைக்காது. கட்டர் மேசையை இழுக்கும் திசையில் வெட்டும்போது மேசை அந்த இடைவெளிக்குள் துள்ளும், பல் உடையும். ஆகவே எக்ஸ், ஒய் இரண்டுக்கும், நட்டுக்குள் எஃகுக் குண்டுகள் உருளும் பால் ஸ்குரூ வேண்டும்.

எக்ஸுக்கு 25 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. லீடும் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள ஸ்குரூ பொருந்தும். ஒய்க்கு இடம் குறைவு என்பதால் 20 மி.மீ. விட்டமே போதும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் சி7 தர ஸ்குரூவில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை இருக்கலாம். எண்ணெய் ஆலை வேலைக்கு அது தாராளம். பின்னாளில் தேவையானால், அளந்து எடுத்த பிழைப்பட்டியலைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஏற்றித் திருத்திக்கொள்ளவும் முடியும். ஆனால் நட் மட்டும் இடைவெளியில்லாதபடி முன்னழுத்தம் கொடுத்த வகையாக இருக்க வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஸ்குரூவின் ஒரு முனையை மட்டும் கோணத் தொடர்பு பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து இறுக்கமாகப் பிணைத்து, மறுமுனையைச் சற்று நீள இடம்விட்டுத் தாங்குங்கள். எஃகு ஒரு மீட்டருக்கு, 10 பாகை வெப்பம் கூடினால், ஏறக்குறைய 0.12 மி.மீ. நீளும். தகரக் கூரையின்கீழ்க் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அவ்வளவு வேறுபாடு எளிதாக வரும். இயந்திரமும் வேலைப்பொருளும் சேர்ந்தே சூடாவதால் அந்த நீட்சி முழுவதும் வேலையில் தெரியாது என்றாலும், இரு முனைகளையும் பிணைத்துவிட்டால் ஸ்குரூ வளைந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

பால் நட்டின் உடல் பழைய வெண்கல நட்டைவிடப் பருமனானது. சேடிலின் உட்புறத்தைச் சிறிது குடைய வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அளந்து, அந்த வேலையைப் போரிங் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வார்ப்பிரும்பை அரவை இயந்திரத்தால் கையால் குடைந்தவர்கள் அந்தச் சேடிலைப் பிறகு என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நட்டை ஸ்குரூவில் ஏற்றும்போது அதனோடு வரும் பிளாஸ்டிக் குழலை ஸ்குரூவின் முனையோடு ஒட்டவைத்து, குழலிலிருந்து நட்டைத் திருகி ஏற்ற வேண்டும். வெறுமனே தள்ளினால் உள்ளிருக்கும் குண்டுகள் கொட்டிவிடும். எனக்குக் கொட்டியது. ஒரு சனிக்கிழமை மாலை, பட்டறைத் தரையில் மண்ணெண்ணெய்க் கறைக்கு நடுவே சிதறிய குண்டுகளைத் தேட, அக்கா மகன் பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, "மாமா, நீங்க நகராதீங்க, மிதிச்சிடுவீங்க" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தரையெல்லாம் துழாவினான். எல்லாம் கிடைத்தன, ஒன்று தவிர. ஒன்று குறைந்தாலும் ஓடும் என்று சிலர் சொன்னார்கள். நான் புதிய நட் வாங்கினேன்.

பொருத்திய பின், ஸ்குரூ தடவழிக்கு இணையாக இருக்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இண்டிகேட்டரால் பாருங்கள். முழு நீளத்துக்கும் வேறுபாடு 0.03 மி.மீ.க்குள் அடங்கட்டும். கையால் சுற்றும்போது நடுவிலும் கோடியிலும் ஒரே கனம் தெரிந்தால் நட்டின் போல்ட்டுகளை இறுக்கலாம்.

இசட் ஓட்டம்: குவிலா, முழங்காலா

மேசை, சேடில் ஆகியவற்றைச் சுமந்து மேலும் கீழும் செல்லும் முழங்கால் பகுதியை மோட்டாரால் ஓட்டினால் நெடிய ஓட்டம் கிடைக்கும். ஆனால் துளை போடும் ஒவ்வொரு முறையும் பல நூறு கிலோவைத் தூக்கி இறக்க வேண்டும். குவிலை ஓட்டினால் எடை குறைவு, வேகம் அதிகம், ஓட்டம் மட்டும் 127 மி.மீ.தான். நான் குவிலையே தேர்ந்தெடுத்தேன். முழங்காலைக் கைப்பிடியிலேயே விட்டு, வேலைக்கு ஏற்ற உயரத்தில் பூட்டிவிட்டுத் தொடங்குவது எங்கள் வழக்கம். குவிலுக்கு முன்னால் 16 மி.மீ. பால் ஸ்குரூவைச் செங்குத்தாக நிறுத்தி, குவிலைப் பிடிக்கும் ஒரு கனத்த வளையத்தோடு நட்டை இணைக்க வேண்டும். பால் ஸ்குரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. மின்சாரம் போனதும் குவில் கீழிறங்கிக் கட்டரை வேலைப்பொருளில் குத்தும். ஆகவே இசட் மோட்டார் பிரேக் உள்ளதாகவே இருக்கட்டும்.

மோட்டாரும் அதன் கணக்கும்

ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் மலிவானது; மெதுவான வேகத்தில் நல்ல விசை தரும்; வேகம் கூடக்கூட விசை வேகமாகக் குறையும். தன் நிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் ஏ.சி. சர்வோ மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று வரை ஏறத்தாழ ஒரே விசையைத் தரும். அடி தவறினால் அலாரம் கொடுத்து நிற்கும். விலை இறங்கிவிட்ட இன்றைய நிலையில் இவ்வளவு எடையுள்ள இயந்திரத்துக்குச் சர்வோதான் சரி என்று நினைக்கிறேன்.

750 வாட் சர்வோவின் வழக்கமான திருப்புவிசை சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். டைமிங் பெல்ட்டில் 2:1 குறைத்தால் ஸ்குரூவில் 4.8 கிடைக்கும். 5 மி.மீ. லீடும் 90 விழுக்காடு திறனும் என்று கொண்டால் மேசையைத் தள்ளும் விசை சுமார் 5400 நியூட்டன் ஆகிறது. ஏறத்தாழ அரை டன் எடையைத் தூக்கும் விசை அது. இரண்டு குதிரைத்திறன் ஸ்பிண்டில் வெட்டக்கூடிய எதற்கும் போதுமானது, விரலுக்கும் போதுமானது என்பதை மறக்க வேண்டாம். வேகம் என்று பார்த்தால், மோட்டாரின் 3000 சுற்று ஸ்குரூவில் 1500 ஆகி நிமிடத்துக்கு 7500 மி.மீ. தரும். நாங்கள் 4000-க்கு மேல் ஓட்டுவதில்லை.

பெல்ட் 5 மி.மீ. பிட்சும் 25 மி.மீ. அகலமும் உடையதாக இருந்தால் நீளாது. புல்லிகளைச் சாவித்துளையோடு, அல்லது கூம்புப் பூட்டோடு பொருத்துங்கள். ஒற்றைத் திருகை நம்பிய புல்லி ஒருநாள் நழுவும், அன்றுதான் விலையுயர்ந்த வேலை மேசையில் இருக்கும்.

மின்சாரப் பெட்டி

பட்டறைக்குள் வரும் மின்சாரத்திலிருந்து புதிய இணைப்பு இழுப்பதை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடம் விடுங்கள். நம் நாட்டில் ஒருமுனை மின்னழுத்தம் 230 வோல்ட், மும்முனை 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மும்முனை இணைப்பு இல்லாத பட்டறையிலும், ஒருமுனையில் வாங்கி மும்முனையாகத் தரும் இன்வெர்ட்டரால் ஸ்பிண்டிலை ஓட்டலாம். அதற்கு மோட்டாரின் பெயர்த்தகட்டில் 230/400 என்று இருந்து, உள்ளே டெல்டாவாக இணைத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் பக்கத்திலுள்ள பழைய முன்–பின் உருளைச் சுவிட்சை முற்றிலும் நீக்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் ஓடும்போது அதற்கும் மோட்டாருக்கும் இடையில் இணைப்பைத் துண்டித்தால் இன்வெர்ட்டர் சேதமடையலாம். திசையையும் வேகத்தையும் இன்வெர்ட்டருக்குக் கட்டளையாகவே கொடுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். பத்து நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து, பிறகே கைவையுங்கள்.

இன்வெர்ட்டரின் மோட்டார் கேபிள் கவசமுள்ளதாக இருக்க வேண்டும். அதன் கவசத்தை இரு முனைகளிலும் எர்த் செய்யுங்கள். சமிக்ஞைக் கேபிள்களைப் பெட்டியின் மறுபக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். மோட்டார் கேபிளைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். எல்லா எர்த் கம்பிகளும் ஒரே செப்புப் பட்டையில் வந்து சேரட்டும். இன்வெர்ட்டரின் கசிவால், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. அடிக்கடி விழுந்தால், அதைக் கழற்றி எறியாமல், பொருத்தமான வகையை வயர்மேனிடம் கேட்டுப் போடுங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தானைக் கணினியின் உள்ளீட்டில் மட்டும் இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரும் பிழை. கணினி உறைந்துபோன நேரத்தில்தானே அந்தப் பொத்தான் தேவைப்படும்? 24 வோல்ட்டின் ஒரு கம்பி, அழுத்தினால் திறக்கும் தொடர்பாக, பொத்தான்கள் அனைத்தின் வழியாகவும் கடைக்கோடி லிமிட் சுவிட்சுகள் வழியாகவும் சென்று பாதுகாப்பு ரிலேயை அடைய வேண்டும். அந்த ரிலே விழுந்தால் டிரைவ்களின் முதன்மை மின்சாரம் காண்டாக்டர் எனும் மின்காந்தச் சுவிட்ச் வழியே துண்டிக்கப்படும், இன்வெர்ட்டர் நிறுத்தக் கட்டளை பெறும், இசட் பிரேக் பிடிக்கும். டிரைவ்களின் கட்டுப்பாட்டு மின்சாரம் மட்டும் தொடரட்டும். அலாரம் எண்ணைப் படிக்க அது வேண்டும். பொத்தானை விடுவித்ததும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. தனியாக ஒரு மறுதொடக்கப் பொத்தான் அவசியம். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்காகவே மூடிய தொடர்பு.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள். பிற்பகல் இடிமழை இங்கே ஆண்டு முழுதும் உண்டு. பெட்டியின் வாயிலிலேயே மின்னெழுச்சித் தடுப்பான் போட்டு, வேலை முடிந்ததும் முதன்மைச் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பல்லி. பெட்டியின் இளஞ்சூடு அதற்குப் பிடிக்கும். ஒருநாள் காலை ஒய் ஓட்டம் மட்டும் எழவில்லை. திறந்து பார்த்தால் காண்டாக்டரின் தொடர்புகளுக்கு நடுவே பல்லி ஒன்று கருகி ஒட்டியிருந்தது. அன்று முதல் கேபிள் நுழையும் ஒவ்வொரு துளையிலும் இறுக்கும் கிளாண்ட், விசிறி வாயில்களில் வலையும் வடிகட்டியும்.

கட்டுப்பாட்டு மென்பொருள்

தனித்து இயங்கும் சீனக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், விண்டோஸில் ஓடும் மாக் (Mach) வகை மென்பொருள்கள், லினக்ஸ் சி.என்.சி. என்று மூன்று வழிகள் உண்டு. நான் லினக்ஸ் சி.என்.சி.யைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 1990-களில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த அது, இலவசமானது, மூலநிரல் திறந்தது. தட்டச்சு செய்து அமைக்க வேண்டியவை அதிகம் என்பது குறைதான். ஆனால் எதை எப்படி இணைத்தோம் என்பது முழுவதும் எழுத்துக் கோப்பாகக் கைக்குள் இருக்கும். பழைய அலுவலகக் கணினியே போதும். அதில், கணினி உரிய நேரத்தில் பதிலளிக்கிறதா என்று பார்க்கும் தாமதச் சோதனையை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, அதே வேளையில் காணொளியும் ஓடவிட்டுப் பாருங்கள். பேரலல் போர்ட் வழியாகக் கணினியே மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்புகளை உண்டாக்குவதைவிட, ஈதர்நெட்டில் இணையும் மேசா நிறுவனக் கட்டுப்பாட்டு அட்டை அந்த வேலையை ஏற்பது எவ்வளவோ மேல்.

துடிப்புகளைக் கணக்கிடும் இந்த இடத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். சர்வோ ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு என்ற அமைப்பில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 2:1 பெல்ட், 5 மி.மீ. லீட் என்றால் ஒரு மி.மீ.க்கு 4000 துடிப்புகள். நிமிடத்துக்கு 7500 மி.மீ. என்பது நொடிக்கு 125 மி.மீ.; அப்படியானால் நொடிக்கு 5 லட்சம் துடிப்புகள் வேண்டும். பல டிரைவ்களின் உள்ளீட்டு எல்லையே அவ்வளவுதான். டிரைவின் மின்னணுப் பல்சக்கர அமைப்பை மாற்றிச் சுற்றுக்கு 2000 துடிப்பு என்று வைத்தால், மி.மீ.க்கு 800 ஆகும். ஒரு துடிப்பு 0.00125 மி.மீ.; உச்ச வேகத்திலும் நொடிக்கு 1 லட்சம் மட்டுமே. இயந்திரம் 0.01 மி.மீ. பிடித்தாலே நாம் மகிழ்ச்சியடையும் நிலையில், இதைவிட நுண்மை தேவையில்லை.

லினக்ஸ் சி.என்.சி.யின் அமைப்புக் கோப்பில் உச்ச வேகம் நொடிக்கு எத்தனை மி.மீ. என்றே எழுதப்படுகிறது, நிமிடத்துக்கு அல்ல. 4000 என்று எழுதிவிட்டு ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். தொடக்கத்தில் 20 என்று வையுங்கள். மேலும், துடிப்பும் திசையும் மட்டும் அனுப்பும் அமைப்பில், மோட்டார் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. டிரைவுக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு டிரைவின் அலாரம் வெளியீட்டையும் அட்டையின் உள்ளீட்டில் இணைத்து, ஒன்று தடுமாறினால் மூன்றும் நிற்கும்படி அமையுங்கள்.

முதல் அசைவு

பெல்ட்டைக் கழற்றிவிட்டு முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். திசை சரியா என்று பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: எல்லா ஓட்டங்களும் கட்டர் நகர்வதாக எண்ணியே எழுதப்படுகின்றன. எக்ஸ் கூடுகிறது என்றால் கட்டர் வலப்பக்கம் போகிறது என்று பொருள். நம் இயந்திரத்தில் கட்டர் நிற்க மேசை நகர்வதால், மேசை இடப்பக்கம் போக வேண்டும். இதைத் தலைகீழாக அமைத்தால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் வெட்டப்படும்.

பெல்ட் மாட்டிய பின், அவசரப் பொத்தானில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லிமிட் சுவிட்சையும் கையால் தொட்டு இயந்திரம் நிற்கிறதா என்று பாருங்கள். தொடக்கப் புள்ளி தேடும் வரிசையில் இசட்தான் முதலில் மேலே போக வேண்டும். பிறகுதான் எக்ஸும் ஒய்யும். அளவுச் சரிபார்ப்புக்கு, துல்லியமான அளவுக் கட்டைகளான கேஜ் பிளாக்குகளை அடுக்கி 100 மி.மீ. நகர்த்தி, இண்டிகேட்டர் பழைய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். பின்னர் பேக்லாஷ்: 1 மி.மீ. முன்னே, 1 மி.மீ. பின்னே, பத்து முறை. 0.02 மி.மீ.க்குள் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

வேகக் கூட்டலையும் டிரைவின் இறுக்கத்தையும் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். மோட்டார் முனகத் தொடங்கினால் ஒரு படி இறங்கிவிடுங்கள். காதே இதற்கு நல்ல கருவி.

வெட்டிப் பார்த்தல்

தலை மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை, ஸ்பிண்டிலில் இண்டிகேட்டரைப் பிடித்து 200 மி.மீ. வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், 0.02 மி.மீ. போதும். பிறகு அலுமினியத் தட்டில் 80 மி.மீ. வட்டத்தைக் குறைந்த ஆழத்தில் வெட்டி, வெர்னியரை ஒதுக்கிவிட்டு மைக்ரோமீட்டரால் நான்கு திசைகளில் அளங்கள். எக்ஸ் விட்டமும் ஒய் விட்டமும் வேறுபட்டால் ஏதோ ஓர் ஓட்டத்தின் அளவெண் தவறு. அவை ஒத்து, 45 பாகைத் திசைகளில் ஒன்று நீண்டு மற்றது குறுகினால் ஓட்டங்கள் செங்குத்தாக இல்லை. திசை மாறும் நான்கு இடங்களில் மட்டும் விரல் நகத்துக்குச் சிறு படி தட்டுப்பட்டால் பேக்லாஷ் மிச்சமிருக்கிறது. முதல் இயந்திரத்தில் எனக்கு இந்த மூன்றும் சேர்ந்தே வந்தன. அதனால்தான் மூன்று மாதம் ஆனது.

எங்கள் இயந்திரம் செய்த முதல் கூலி வேலை, ரிப்பிள் மில்லின் சுழல்தட்டு இரண்டு. கொட்டைகளை உடைக்கும் கம்பிகள் இரண்டு தட்டுகளுக்கு இடையில், வட்டமாக அமைந்த துளைகளில் நிற்கும். தட்டுகளின் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் கம்பி ஏறாது. வந்த தட்டில் 28 துளைகள். 360 பாகையை 28-ஆல் வகுத்தால் 12 பாகை 51 நிமிடம் 25 நொடி சொச்சம். சுழல்மேசையின் அளவுகோலில் அதை ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசித் துளையில் வந்து சேரும் பிழையை எண்ணிப் பெருமூச்சு விடுவதே முன்பு எங்கள் வழக்கம். இப்போது மையத்தை, வேலைப்பொருளின் தொடக்கப் புள்ளிக்கான கட்டளையான ஜி54-இல் பிடித்து, ஆரத்தையும் கோணத்தையும் கொடுத்து, ஜி81 துளைச் சுழற்சியை 28 முறை திரும்பச் செய்யும் சில வரிகளை எழுதினேன். முதலில் மையத் துளைப்பானால் புள்ளி மட்டும் குத்தி, பிறகு துளையிட்டு, கடைசியில் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர். இரண்டு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்தத் துளையிலிருந்து தொடங்கினாலும் கம்பி ஏறுகிறதா என்று தந்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஏறியது. ஒன்றும் சொல்லாமல் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

பராமரிப்பு

தன்னால் ஓடும் இயந்திரத்தில் சுருளும் குளிர்நீரும் நாலாபுறமும் பறக்கும். முன்புறம் திறந்து மூடும் மறைப்புத் தகடு போட்டு, கதவு திறந்திருக்கும்போது நிரல் ஓடாதபடி சுவிட்ச் வையுங்கள். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பணியாளரின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு.

முதல் மாத இறுதியில் எல்லா மின்முனைத் திருகுகளையும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒருமுறை இறுக்குங்கள். பெல்ட்டின் இழுவையையும் கிப்பையும் பாருங்கள். மழைக்காலத்தில் பல நாள் நிறுத்திவைக்க நேர்ந்தால், பால் ஸ்குரூவின் மேல் எண்ணெய் தடவி முழு நீளமும் ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். துரு பிடித்த இடத்தில் நட் மீண்டும் போனால் குண்டுகள் பொடியாகும். அமைப்புக் கோப்புகளை இரண்டு தம்ப் டிரைவ்களில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். டிரைவ்களில் மாற்றிய ஒவ்வொரு அமைப்பு எண்ணையும் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இடி விழுந்து டிரைவ் மாற்ற நேரும் நாளில் அந்தத் தாள் இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் பெல்ட்டைக் கழற்றி, முதல் அசைவிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.